பழ வாசனை

தேனீப் பெட்டியின் நான்காவது சட்டத்தைத் தூக்கிக் கமலவேணி வெயிலுக்கு எதிரே பிடித்தாள். அடையின் கீழ் விளிம்பில் மூன்று ராணி அறைகள். வேர்க்கடலையைத் தோலோடு தலைகீழாக ஒட்டவைத்த மாதிரி, மூக்கு தரையைப் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தன. போன வாரம்தான் ஐந்தை அறுத்துப் போட்டாள். அதற்கு முந்தைய வாரம் நான்கு. இவள் அறுக்க அறுக்க அதுகளும் சளைக்காமல் கட்டிக்கொண்டே இருந்தன. காய் நறுக்கும் கத்தியின் நுனியை விட்டு ஒவ்வொன்றாக நெம்பினாள். உள்ளிருந்த வெள்ளைக் குழம்பு கத்தியில் வழிந்தது. அதற்குள் ஒரு புழு சுருண்டு கிடந்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் விட்டிருந்தால் அதுதான் இந்தப் பெட்டிக்கே ராணி. கற்றாழைத் தொட்டி மண்ணில் கத்தியைத் துடைத்துவிட்டு, "பாவம்தான், இன்னா பண்றது சொல்லு" என்று அந்தப் புழுவிடமே கேட்டாள்.

தேனீ வளர்க்கிறவர்கள் யாரும் இதைப் பாவமென்று நினைப்பதில்லை. புது ராணி அறைக்கு மூடி விழுந்துவிட்டால் பழைய ராணி மூட்டையைக் கட்டிவிடும். வயிறு முட்டத் தேனைக் குடித்துக்கொண்டு பாதிக் கூட்டம் அதன் பின்னால் போய்விடும். ஆறு நாளைக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, மூடி விழுவதற்குள் அறுத்துவிட வேண்டும். விரிஞ்சிபுரத்தில் மூன்று நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அது. இன்னொரு வழியும் சொன்னார்கள். இரண்டாவது பெட்டி வைத்துக் கூட்டத்தை நாமே பிரித்துவிடுவது. அதற்கும் எழுதிப் போட்டிருந்தாள். பெட்டி வந்தபாடில்லை. பயிற்சி கொடுத்த சார் போனில், "வெட்டிக்கிட்டே இருந்தா அதுங்க அடங்காதும்மா, ஒண்ணை எங்கயாவது ஒளிச்சு வெச்சிடும்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து கமலவேணி ஒவ்வொரு அடையையும் இரண்டு தடவை பார்க்க ஆரம்பித்தாள்.

மற்ற வீடாக இருந்தால் கூட்டம் பறந்தால் பறக்கட்டும் என்று விட்டிருப்பாள். பாதித் தேன் போகும், அவ்வளவுதானே. இங்கே அப்படி விட முடியாது. பெட்டிக்கு எட்டடி தள்ளி மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் சர்தார் பாஷா பாயின் வீடு. அந்த வீட்டில் ஹீனா இருந்தாள்.

ஹீனா சர்தார் பாஷாவின் மருமகள். வாணியம்பாடிப் பெண். இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி வந்த மறுநாளே மதில் ஓரம் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, "அக்கா, உங்க வீட்ல கறிவேப்பிலை இருக்கா?" என்று கேட்டவள். அதற்குப் பிறகு மதிலின் அந்த இடத்துக் காரை தேய்ந்து செங்கல் தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்தப் பக்கமிருந்து தேனும் புளிக்குழம்பும் போகும். அந்தப் பக்கமிருந்து ஷீர் குர்மா பாயசம் வரும், கதைகள் வரும். புருஷன் காஷிஃப் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் செக்‌ஷன். "என் நாத்தனாரு வீட்டுக்காரரு பச்சைத் தோல் பிரிவு. அவரு வந்தா வாசல்லயே தெரியும்க்கா. எங்காளு கிட்ட மட்டும் பழ வாசனை வரும். தோலு பளபளக்க லேக்கர் அடிக்கிறாங்கல்ல, அது. அதுக்கே நான் சரின்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். கமலவேணிக்கு ஒரே பிள்ளை, ஓசூரில் இருக்கிறான். மாதத்துக்கு ஒரு போன். ஹீனா ஒரு நாள் மதிலில் எட்டிப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஹீனாவிடமும்தான்.

போன வருஷம் இதே பங்குனியில் ஹீனாவை ஒரு பூச்சி கொட்டியது. ஒன்றே ஒன்று, கழுத்தில். பின்கட்டுக் கல்லில் துணி அலசிக்கொண்டிருந்தாளாம். கமலவேணி சத்தம் கேட்டு மதிலில் எட்டிப் பார்த்தபோது ஹீனாவின் உதடு வீங்கி முகமே வேறாக இருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. ஆட்டோவில் அவள் தலையைக் கமலவேணிதான் மடியில் வைத்துக்கொண்டு போனாள். ரெட்டித்தோப்பு ரயில்வே பாலத்துக்கு அடியில் நெரிசலில் ஆட்டோ நின்ற நான்கு நிமிஷத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. டாக்டர் பிழைக்க வைத்துவிட்டுச் சொன்னார்: "சிலர் உடம்பு அப்படி. இன்னொரு தடவை கொட்டுச்சுன்னா இங்க கொண்டு வர்ற வரைக்கும் தாங்காது. பாத்துக்கோங்க."

அன்று ராத்திரியே பெட்டியைக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். புருஷன் கிருஷ்ணராஜும் அதைத்தான் சொன்னான்: "யார் தலையிலாவது கட்டிட்டு நிம்மதியா இரு." வேண்டாமென்றது ஹீனாதான். "ஒரு பூச்சி கொட்டுச்சுன்னு உங்க பொட்டியத் தூக்கணுமாக்கா? அது ரோட்ல போனாலும் கொட்டும்." சர்தார் பாஷா கடைசியாகத்தான் பேசினார். நாற்பது வருஷம் பச்சைத் தோலைக் கையால் தடவித் தரம் பிரித்தவர். எதையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.

"பொட்டி இருக்கட்டும் கமலாம்மா. ஆசையா வெச்சிக்கினு இருக்க. ஆனா ஒண்ணு. கூட்டமா பறந்து இந்தப் பக்கம் வரக்கூடாது. வந்துச்சுன்னா உன்னை வந்து கேட்டுக்கினு நிக்க மாட்டேன்."

"வராது பாய். அது என் பொறுப்பு" என்றாள் கமலவேணி.

பொறுப்பு என்று சொல்லிவிட்டாளே தவிர, உண்மையில் பெட்டியை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. பத்தொன்பது வருஷம் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைத்தவள். முதுகு போன பிறகுதான் வெளியே வந்தாள். அவ்வளவு வருஷத்தில் பின்னால் சூப்பர்வைசர் நிற்காமல் அவள் கை செய்த முதல் வேலை இந்தப் பெட்டிதான். ஹீனா வேண்டாம் என்றதும் அவளுக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கும்.

அதனால் விதிகளை ஒன்று விடாமல் கடைப்பிடித்தாள். தேங்காய் நார் புகை, வெள்ளைப் புடவை, தலைக்குச் சீயக்காய், பவுடர் கிடையாது. பயிற்சியில் சார் ஒன்று சொல்லியிருந்தார். தேனீ கொட்டினால் அந்த இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும், கனிந்த வாழைப்பழம் மாதிரி. மற்ற பூச்சிகளுக்கு அது சண்டைக்குக் கூப்பிடுகிற சங்கு. பெட்டி திறக்கிற அன்றைக்கு வாழைப்பழம் தின்றுவிட்டுப் போகாதீர்கள் என்றார். வந்திருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். கமலவேணி சிரிக்கவில்லை. பெட்டி திறக்கும் நாளில் சாமிக்குக்கூடப் பழம் வைப்பதில்லை. வெற்றிலை, தேங்காயோடு சரி. கிருஷ்ணராஜ் பழம் கேட்டால் தெருமுனைக் கடையில் நின்று தின்றுவிட்டு வரச் சொல்வாள்.

இவ்வளவு செய்தும் பூச்சிகள் அடங்கவில்லை. இரண்டு மூன்று மாதமாகவே சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அதுகளுக்கு ஒரு வெறி வரும். வாசல் பலகையில் காவல் நிற்கிறவை இருபது முப்பதாகிவிடும். வாலைத் தூக்கிக்கொண்டு மதில் பக்கம் பார்த்தே நிற்கும். சில மதிலைத் தாண்டிப் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பும். அரை மணி நேரத்தில் அடங்கும். கூட்டம் பிரியப் போகிற முறுக்கு என்று கமலவேணி முடிவு கட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த முறுக்கு இல்லை என்பதைக் கவனித்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தினமும் ஆறு மணிக்கு ஹீனா துணி துவைப்பாள். காஷிஃப் தொழிற்சாலையிலேயே குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வருவான். அழுக்குச் சட்டை பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வரும். ஹீனா கல் மேல் வைத்து முடிச்சை அவிழ்ப்பாள். அலசி, மதில் ஓரக் கொடியில் போடுவாள். கமலவேணி அந்தக் கொடியைத் தினமும் பார்த்தாள். அதில் ஒன்றும் புதிதாகப் படவில்லை. குடியாத்தத்தில் தறி ஓடுகிற வீட்டிலிருந்து இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டே திரிந்தவள் அவள். ஒரு வருஷத்தில் எல்லாம் பழகிவிட்டது. தோல் வாசனையும் தெரியாது, ரசாயன வாசனையும் தெரியாது. ஆம்பூரில் அடுப்பில் சோறு அடிபிடித்தால் மட்டும்தான் மூக்கு வேலை செய்யும் என்று கிருஷ்ணராஜ் சொல்வான்.

மூன்று ராணி அறைகளையும் அறுத்துவிட்டுப் பெட்டியை மூடிய அந்தச் செவ்வாய்க்கிழமை, ஹீனா மதிலில் எட்டிப் பார்த்தாள். ரம்ஜான் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. கையில் மருதாணி இன்னும் மங்கலாக இருந்தது.

"அக்கா, ரெண்டு நாளா மூணு நாலு பூச்சி எங்க ரூம் வென்டிலேட்டர்லயே வந்து நிக்குது. உள்ள போவுது, வெளிய வருது, அளவெடுக்கிற மாதிரி சுவத்தச் சுத்திச் சுத்திப் பாக்குது. இன்னாக்கா அது?"

கமலவேணிக்குத் தெரியும். தெரியாமல் என்ன. கூட்டம் கிளம்புவதற்கு முன்னால் நாலு பூச்சி போய் வீடு பார்த்துவிட்டு வரும். இருட்டா, காற்று புகுமா, எறும்பு உண்டா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மற்றவைகளிடம் சொல்லும். வென்டிலேட்டருக்கு உள்பக்கம் ஹீனாவின் கட்டில். அவள் தலைமாட்டுக்கு மேலே, உள்பக்கம் அட்டை அடித்து மறைத்ததில் உண்டான ஒரு பொந்து, அதைத்தான் பார்த்துவிட்டுப் போகின்றன.

சொல்லியிருக்கலாம். சொன்னால் சாயங்காலமே சர்தார் பாஷா வந்து நிற்பார். பெட்டி போய்விடும். மூன்றையும்தான் இப்போது அறுத்தாயிற்றே, இனி எதை நம்பிக் கிளம்பும் என்று கமலவேணி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"தண்ணிக்கு வரும்மா. வெயில் ஜாஸ்தியாயிடுச்சு இல்ல. நீ அந்த ஓட்டையில ஒரு துணியத் திணிச்சு வெச்சிடு. ஜன்னலத் தொறக்காத."

"சரிக்கா" என்றாள் ஹீனா. கமலவேணி சொன்னால் அவளுக்கு மறுகேள்வி கிடையாது.

அன்று இரவு கமலவேணிக்குச் சாப்பாடு செல்லவில்லை. புதன்கிழமை முழுக்க வென்டிலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி திணித்த பிறகும் பூச்சிகள் வந்தன. நான்கு பத்தாயிற்று.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குப் பெட்டியின் வாசலில் பூச்சிகள் கொத்தாக வழிந்து தொங்கின. வேலைக்குப் போகவில்லை, சத்தம் போடவில்லை, சும்மா தொங்கின. கமலவேணி புடவை மாற்றக்கூட நிற்கவில்லை. மூடியைத் திறந்து சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். முதல் ஐந்தில் ஒன்றுமில்லை. கடைசிச் சட்டம் பெட்டிச் சுவரோடு மெழுகால் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நெம்பித் திருப்பினாள். சுவர் பக்கமாக, அடை மடங்கியிருந்த மூலையில், பூச்சிகள் போர்த்தி மூடியிருந்த இடத்தை ஊதி விலக்கினாள். அங்கே இருந்தது ஒன்று. மற்றவற்றைவிட நீளம். மூடி விழுந்து, நுனி பழுப்பேறி இருந்தது. செவ்வாய்க்கிழமையும் இது இங்கேதான் இருந்திருக்கிறது. இவள் இரண்டு தடவை பார்த்தும் பார்க்கவில்லை.

கத்தியைக் கொண்டுபோவதற்குள் பெட்டி இரைந்தது. தண்ணீர் லாரி திறந்துவிட்ட மாதிரி வாசல் வழியாகவும் மேல் வழியாகவும் கொட்டியது. பயத்தில் சட்டத்தை அப்படியே உள்ளே இறக்கினாள். நசுங்குகிற சத்தம் கைக்குத் தெரிந்தது. இடது மணிக்கட்டில் ஒன்று கொட்டியது, அதன் பக்கத்திலேயே இன்னொன்று. பெட்டியை அவசரமாக மூடிவிட்டு நிமிர்ந்தபோது வானம் கறுப்புப் புள்ளிகளாகச் சுழன்றது. சுழன்றபடியே மெல்ல நகர்ந்து மதிலைத் தாண்டியது.

"ஹீனா, உள்ள போ. கதவச் சாத்து. தாழ்ப்பாள் போடு" என்றாள். சத்தம் அவளுக்கே யாரோ பேசுவது போல் கேட்டது. அந்தப் பக்கம் கதவு அடைபட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

சுற்றிக்கொண்டு தெரு வழியாக ஓடினாள். சர்தார் பாஷா பின்கட்டு நடையில் நின்றிருந்தார். கூட்டம் அவர்கள் வீட்டுக் கொய்யாமரத்தின் தாழ்ந்த கிளையில் சேர்ந்துகொண்டிருந்தது. ஹீனாவின் அறைக் கதவிலிருந்து ஏழெட்டு அடி. முதலில் ஒரு கைப்பிடி, பிறகு ஒரு சொம்பு, பிறகு ஒரு குடம். சர்தார் பாஷா காதில் செல்லை வைத்து உருதுவில் பேசி முடித்தார்.

"காஷிஃபை வரச் சொல்லிட்டேன். அவன் வந்து புள்ளய வெளிய கூட்டினு போவட்டும். அப்புறம் நான் டயரைக் கொளுத்தறேன்."

"கொளுத்தாதீங்க பாய். சீண்டினாத்தான் ஆபத்து. கூட்டம் பிரிஞ்ச பூச்சி கொட்டாது. வயித்துல தேன் ரொம்பிக் கெடக்கும், வாலைக்கூட மடக்க முடியாது அதுங்களுக்கு. கூடை எடுத்தாந்து நான் இப்பவே எறக்கிடறேன். சாயங்காலம் பொட்டியோட எடுத்துடறேன். இனிமே வேணாம் எனக்கு." கண்ணால் கூடையைத் தேடினாள். "நான் பொய் சொல்லிட்டேன் பாய். அதுங்க ரூமைப் பாத்துட்டுப் போறது எனக்கு முந்தாநாளே தெரியும்."

சர்தார் பாஷா அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "எறக்கு" என்றார்.

கோழி அடைக்கிற மூங்கில் கூடை அங்கேயே கிடந்தது. இடது கையால் அதைக் கிளைக்கு அடியில் பிடித்துக்கொண்டு, அவர் நம்ப வேண்டும் என்பதற்காகவே, வலது கையை மெதுவாகக் கூட்டத்துக்குள் விட்டாள். ஒன்றும் கொட்டவில்லை. கை மணிக்கட்டு வரை மறைந்தது. உள்ளே சூடாக, லேசாக நடுங்கிக்கொண்டு, ஈரமாவை அளைவது போல் இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஹீனா, "அக்கா, பத்திரம்" என்றாள். கமலவேணிக்குக் கண் நிறைந்தது. உதறினால் கூட்டம் மொத்தமாகக் கூடையில் விழும். அவ்வளவுதான் மிச்சம்.

அப்போது தெருவில் பைக் வந்து நின்றது. காஷிஃப் ஸ்டாண்டு போடாமல் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தான். குளிக்கவில்லை. மாற்றவில்லை. லேக்கர் தெளித்த சட்டை முதுகோடு ஒட்டி ஈரமாகப் பளபளத்தது. பயத்தில் அவனுக்கு முகம் வெளுத்திருந்தது. கூட்டத்தைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், ஹீனாவின் கதவைப் பார்த்தான். கமலவேணியை இடித்துக்கொண்டு தாண்டிப் போனான்.

அவன் தாண்டிய காற்றில் கனிந்த வாழைப்பழம் மணந்தது.

வீட்டில் பழம் வைத்து எத்தனை நாளாயிற்று என்று அவள் யோசித்தாள். பிறகு கூடையைப் பிடித்திருந்த இடது மணிக்கட்டுக்குக் குனிந்து மூக்கைக் கொண்டுபோனாள். கொட்டுவாய் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. அதே வாசனை. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் மூக்கு திறந்த மாதிரி, எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. ஆறு மணி. பிளாஸ்டிக் பையின் முடிச்சு. ஞாயிற்றுக்கிழமை லீவு. போன வருஷம் துணி அலசும் கல்லில் கழுத்தில் கொட்டிய அந்த ஒரே பூச்சி. கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து ராணி அறைகளை அறுத்துக்கொண்டிருந்த அத்தனை வாரமும் அந்தச் சட்டை அவள் கண்ணெதிரே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம், சற்று முன் அவள் நசுக்கிவிட்டு வந்த பெட்டியில், பறக்காமல் மிஞ்சிய பாதி இருந்தது. அதுகள் வயிற்றில் தேன் ரொம்பவில்லை.

"காஷிஃப், சட்டையக் கழட்டுப்பா" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் பைத்தியம் பிடித்துப் பேசுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். மதில் மேலிருந்து ஒரு பூச்சி நேராக வந்து அவன் தோள்பட்டையில் உட்கார்ந்தது. பின்னாலேயே மூன்று. பிறகு மதில் விளிம்பு முழுக்க அசைந்தது. கமலவேணியின் வலது கை கூட்டத்துக்குள் இருந்தது. இழுத்தால் எல்லாம் கிளம்பும். கையைச் சுற்றியிருந்த நடுக்கம் நின்றுபோய், சீராக ஒரு இரைச்சல் ஏறுவதை விரல்கள் உணர்ந்தன.

"ஹீனா, நான்தான். தொற" என்றான் காஷிஃப்.

"தொறக்காத ஹீனா" என்று கமலவேணி சொன்னபோது தாழ்ப்பாள் ஏற்கெனவே விலகியிருந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. மருதாணி மங்கிய கை ஒன்று வெளியே நீண்டு, அவனை உள்ளே இழுப்பதற்காக, அந்த ஈரச் சட்டையின் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தது.